குழல் டாக்டருக்கு வந்த முத்தக் காய்ச்சல்

மனைவியை ஒரே ஒரு கேள்வியாவது கேட்க வைத்துவிட வேண்டும் என்று குழல் டாக்டர் சபதம் எடுத்தபோது அவருக்குக் கழுத்து வீங்கியிருந்தது. தாடை எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று கண்ணாடியில் தேடிப் பார்க்க வேண்டிய நிலை. அதற்கு முன்னாலும் அவருக்கு லட்சியங்கள் இருந்தன. எல்லாம் தூங்கிப்போய்விட்டன. இப்போது அவரே சதா தூங்கிக்கொண்டிருந்தார்; லட்சியம் மட்டும் விழித்துக்கொண்டது.

டாக்டர் என்பது அவர் படித்து வாங்கிய பட்டமல்ல. ட்ரம்பெட், கிளாரினெட், டியூபா என்று காற்றால் பேசும் கருவிகளுக்குச் சீக்கு வந்தால் பார்ப்பவர் அவர். நசுங்கினால் நிமிர்த்துவார். ஓட்டை விழுந்தால் பற்றவைப்பார். ஊமையாகிவிட்டால் தானே வாய்வைத்து ஊதிப் பேச வைப்பார். நாலு பேர் விளையாட்டாகக் கூப்பிட்டது பெயராகவே ஒட்டிக்கொண்டது. மனைவி மட்டும் ‘என்னங்க’ என்பாள். அதில் ‘என்ன’ இருக்கிறதே தவிர, கேள்வி கிடையாது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. பேருந்து நிலையத்தில் ‘விசாரணை’ என்று எழுதிய கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவள் அவள். எந்த வண்டி, எந்த மேடை, ஏன் இன்னும் வரவில்லை, கழிப்பறை எங்கே, என் வீட்டுக்காரரைப் பார்த்தீர்களா என்று உலகமே வந்து அவளைக் கேட்டுவிட்டுப் போகும். கேட்டதற்குப் பதில் சொல்வாள். கேட்காததற்கு ஒரு சொல் கூடுதலாக வராது. “ஆறு மணி வண்டி உண்டா?” என்றால் “உண்டு” என்பாள். அது இன்றைக்கு ஓடுகிறதா என்பது தனிக் கேள்வி. அதற்குத் தனியாக வாயைத் திறக்க வேண்டும். இப்படிப் பகலெல்லாம் கேள்வியில் குளித்தவளுக்கு, வீட்டுக்கு வந்தால் கேள்விக்குறியைக் கண்ணால் பார்க்கவே பிடிக்காது.

ஒரு தடவை அவர் மீசையை எடுத்துவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தார். நாலு நாள் கழித்து, “சோப்பு சீக்கிரம் தீருது” என்றாள். இன்னொரு தடவை கடையிலேயே தூங்கிப்போய் மறுநாள் காலையில் வந்து வாசலில் நின்றார். “செருப்பை வெளிய விடுங்க, இப்பத்தான் துடைச்சேன்” என்றாள். எங்கே போனீர்கள், யாரோடு இருந்தீர்கள் என்று கேட்கும் அளவுக்காவது நாம் இவளுக்கு ஒரு ஆள்தானா? அது தெரியாமலே ஐம்பதைத் தொட்டுவிடுவோமோ என்ற பயம் அவருக்குப் பற்களுக்கு நடுவில் மாட்டிய நார் மாதிரி இருந்துகொண்டே இருந்தது.

இந்த நேரத்தில்தான் காய்ச்சல் வந்தது.

டாக்டரம்மா கழுத்தைத் தடவிப் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இடது விலாவுக்குக் கீழே விரலால் அழுத்தினார். ரத்தம் எடுத்து, மறுநாள் வரச் சொல்லி, முடிவைச் சொன்னார்.

“சுரப்பிக் காய்ச்சல். மோனோன்னு சுருக்கமா சொல்வோம். வைரஸ்.”

“மாத்திரை?”

“வலிக்கும் காய்ச்சலுக்கும் தர்றேன். இந்த நோய்க்குன்னு தனி மருந்து கிடையாது. ஓய்வுதான். காய்ச்சல் போயிடும், அசதி சீக்கிரம் போகாது. வாரக்கணக்குல இருக்கும். சிலருக்கு மாசக்கணக்கு.”

“கடை இருக்கே டாக்டர்...”

“மண்ணீரல் வீங்கியிருக்கு. கனமா எதையும் தூக்காதீங்க, வயித்துல அடிபடாமப் பாத்துக்கங்க. அது வெடிச்சா விளையாட்டில்ல, உயிர் சமாச்சாரம்.”

தனக்குள் மண்ணீரல் என்று ஒன்று இருப்பது குழல் டாக்டருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை வருஷமாக ஒருவரும் விசாரிக்காமலே உள்ளே கிடந்திருக்கிறது. அதன்மேல் அவருக்கு ஒரு உறவு தோன்றியது.

“எப்படி வந்துச்சு டாக்டர்?”

“எச்சில் வழியா. நிறைய பேருக்குச் சின்ன வயசுலேயே வந்து, வந்ததே தெரியாமப் போயிடும். இல்லேன்னா காலேஜ் வயசு. உங்களுக்கு லேட் அட்மிஷன்.” டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி, அதற்கு மேலாகப் பார்த்தார். “பசங்க இதை முத்தக் காய்ச்சல்னு கிண்டல் பண்ணுவாங்க. என்ன வேலை பாக்கறீங்க?”

“ரிப்பேர்.”

அதற்கு மேல் பேசத் தொண்டை ஒத்துழைக்கவில்லை. மனசும் வேறு எங்கோ போய்விட்டது.

பஸ்ஸில் திரும்பும்போதே காரணம் அவருக்குப் புரிந்துவிட்டது. ஒரு பள்ளிக்கூடத்து பேண்டு, தன் குழல்கள் மொத்தத்தையும் அவர் கடைக்கு அனுப்பியிருந்தது. ஒவ்வொன்றையும் அதனதன் ஊதுமுனையை, அதாவது உதடு வைக்கும் அந்தச் சின்னக் கிண்ணியை, மாட்டித்தான் அவர் ஊதிப் பார்ப்பார். அந்தந்தப் பிள்ளை ஊதும் கிண்ணியில் ஊதினால்தான் அந்தந்தக் குழலின் நோய் தெரியும் என்பது அவருடைய கொள்கை. துடைக்கிற துணி ஆணியில் தொங்கத்தான் செய்தது. அவசரத்தில் அதை அவர் தொந்தரவு செய்யவில்லை. நுணலும் தன் வாயால் கெடும். அவர் பத்துப் பிள்ளைகளின் வாயால் கெட்டார்.

ஆனால் உண்மைக்கு ஒரு கௌரவம் வேண்டாமா? ‘பள்ளிக்கூடப் பிள்ளைகள் எச்சில்’ என்று சொல்லிப் பார்த்தார். மூக்கு ஒழுகியது. ‘முத்தக் காய்ச்சல்’ என்று சொல்லிப் பார்த்தார். முதுகு நிமிர்ந்தது. கல்லே கரையும் பெயர். எந்தப் பெண்ணும் இதைக் கேட்டுவிட்டு ‘யாரு?’ என்று கேட்காமல் இருக்க முடியாது. இருந்தால் அது அவள் குற்றமில்லை. இந்த வீட்டில் அவர் இல்லை என்று அர்த்தம்.

வீட்டுக்குள் நுழைந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“முத்தக் காய்ச்சலாம்” என்றார்.

“ம்.”

“முத்தத்தால வருமாம்.”

“சூடா குடிங்க. டம்ளரைத் தனியா வெச்சிட்டேன். சிவப்பு மூடி போட்டது உங்களுது.”

“முத்தத்தால வருமாம்னு சொன்னேன்.”

“எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. உங்களுக்குத்தான் தொண்டை கெட்டிருக்கு. பேசாமப் படுங்க.”

அவர் படுத்தார்.

அது சாதாரணப் படுக்கையாக இல்லை. ஒரு காலில் காலுறையை மாட்டுவார். இன்னொரு காலை யோசிப்பதற்குள் தூக்கம் வந்து இழுத்துக்கொண்டு போய்விடும். விழித்தால் ஒரு கால் வெதுவெதுப்பாகவும் மற்றது சில்லென்றும் இருக்கும். எது தன் கால் என்று குழப்பம். சூப்பைக் கரண்டியில் எடுத்தால் கரண்டி கனத்தது. எச்சிலை விழுங்குவதற்கு ஒரு திட்டம் போட வேண்டியிருந்தது. தூக்கம் அவருக்கு ஓய்வாக இல்லை, வேலையாக இருந்தது. தூங்கித் தூங்கிக் களைத்து, அந்தக் களைப்பு தீர மறுபடி தூங்கினார். மதியத்தில் ஜன்னல் வெளிச்சம் சுவரில் ஊர்ந்து அலமாரியைத் தொடுவதைப் பார்ப்பார். சாத்திய கடைக்குள் கொக்கிகளில் தொங்கும் குழல்கள் நினைவுக்கு வரும். நடுவில் பெரிய டியூபா, வயிற்றில் பள்ளத்தோடு. ஊதுவதற்கு ஆளில்லாத குழலும் ஊத மூச்சில்லாத ஆளும் ஒரே சாமான்தான் என்று தோன்றும். கண்ணோரம் ஈரமாகும். அதையும் துடைக்காமலே தூங்கிவிடுவார்.

மாடிவீட்டுக்காரர் பார்க்க வந்தார். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசற்படியிலேயே நின்றார். கைக்குட்டைக்கு மேலே கண்களில் பொறாமை தெரிந்தது.

“தம்பி, உண்மையைச் சொல்லு. யாரு?”

“யாருமில்ல அண்ணே. ட்ரம்பெட்டு.”

“ட்ரம்பெட்டா! தூ. அதை வெளிய சொல்லாதே, மானம் போயிடும்.”

“அவ கேக்கவே மாட்டேங்குறா அண்ணே. முத்தக் காய்ச்சல்னு மூணு தடவை சொல்லிப் பாத்துட்டேன்.”

“பட்டனை அழுத்தாம லிஃப்ட் வருமா? நீ அழுத்தலை. ஒரு பொம்பளையைக் கொண்டா உள்ளே.”

“வீட்டுக்கா?”

“பேச்சுக்குள்ளே! உன் தொழில்ல யாராவது பொம்பளை ஊதுவாங்களா?”

“கிளாரினெட்...”

“போதும். அந்தம்மாவை வெச்சு அழுத்து.”

அன்று மாலை மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தாள். குழல் டாக்டர் தலையணையில் சாய்ந்து, குரலில் ஒரு ரகசியத்தைத் தடவிக்கொண்டார்.

“கடைக்கு ஒரு அம்மா அடிக்கடி வர்றாங்க. கிளாரினெட் வாசிக்கிறவங்க.”

“வரட்டும். வாடிக்கை நல்லதுதான்.”

“ரொம்ப நேரம் உக்காந்து பேசுவாங்க.”

“கடையில நாற்காலி ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு வாங்கிப் போடுங்க.”

“சிரிச்சுச் சிரிச்சுப் பேசுவாங்க.”

அவள் ஒரு துண்டை நாலாக மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். “உங்க பேச்சுக்குச் சிரிக்க ஒரு ஆள் கிடைச்சா விட்டுடாதீங்க” என்றாள். அடுத்த துண்டை எடுத்தாள்.

லிஃப்ட் வரவில்லை.

மனசு உடைந்தால் மனுஷன் வேலையைத் தேடுவான். காய்ச்சல் இறங்கியிருந்தது, சுவரைப் பிடிக்காமல் குளியலறைக்குப் போக முடிந்தது. இது போதாதா? நாளைக்கு அவள் வேலைக்குக் கிளம்பியதும் மெல்லக் கடைக்குப் போய் ஷட்டரைத் தூக்கிவிட வேண்டியதுதான். டியூபாவைக் கொக்கியிலிருந்து இறக்கி மடியில் வைத்து வயிற்றுப் பள்ளத்தை எடுக்கலாம். ஷட்டரும் கனம், டியூபா அதைவிடக் கனம் என்பது தெரியாமலில்லை. இருந்தால் என்ன, வெடித்தால் வெடிக்கட்டும். அப்போதாவது யாராவது ஏதாவது கேட்பார்கள். கடைச் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டு, சட்டையைக் கதவில் மாட்டிவிட்டுத் தூங்கினார்.

காலையில் கண் விழித்தால் மனைவி கிளம்பவில்லை. கூடத்துச் சோபாவில் கால் நீட்டிப் படுத்திருந்தாள். கழுத்தைச் சுற்றிச் சால்வை. முகத்தில் களைப்பு.

“வேலைக்குப் போகலியா?”

“லீவு.”

“எத்தனை நாளு?”

“ஒரு வாரம்.”

“எதுக்கு?”

“படுத்திருக்க.”

“டாக்டரைப் பாத்தியா?”

“பாத்தேன். நேத்து ராத்திரி.”

“என்னதான் சொன்னாங்க?”

“மண்ணீரல் வீங்கியிருக்கு, கனம் தூக்கக் கூடாது, நல்லா ஓய்வு எடுக்கணும்னாங்க.”

குழல் டாக்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தம்மிடமிருந்து வந்திருக்க வழியே இல்லை. காய்ச்சல் என்றதுமே டம்ளர் தனி, தட்டு தனி, அறை தனி என்று ஆக்கிவிட்டவள் அவள். அதற்கு முன்னால்? கடைசியாக முத்தம் கொடுத்த நாளைத் தேட நாள்காட்டி போதாது, சரித்திரப் புத்தகம் வேண்டும். அப்படியானால் இவளுக்கு எங்கிருந்து வந்தது?

அந்தக் கேள்வி அவரை நிற்கவிடவில்லை, உட்காரவும் விடவில்லை. விசாரணைக் கண்ணாடியில் பேசுவதற்கு வட்டமாக ஒரு ஓட்டை உண்டு. அதன் அந்தப் பக்கம் வந்து நிற்பவர்கள் யார் யார்? ஓட்டுநர்கள். நடத்துநர்கள். அப்புறம் அந்த நேரக்காப்பாளர். அவன் விசில் ஊதுகிறவன். ஊதுகிறவனைப் பற்றி ஊதுகிறவனுக்குத் தெரியாதா!

“அந்த விசில்காரன் எப்படி இருக்கான்?”

“நல்லா இருக்காரு.”

“காய்ச்சல் கீய்ச்சல் ஏதாவது?”

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லலை.”

“உங்கிட்ட வேற என்ன சொல்லுவான்?”

“எட்டே கால் வண்டி லேட்டுன்னு சொல்லுவாரு.”

“சிரிச்சுட்டுச் சொல்லுவானா?”

“வண்டி லேட்டானா யாரும் சிரிக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைச் சாவி பையிலேயே கிடந்தது. காய்ச்சல்காரியை விட்டுவிட்டு எங்கே போவது? அவர் சமையலறைக்குள் போனார். ஒரு கேரட்டை நறுக்கிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தார். இன்னொன்றை நறுக்கிவிட்டு மறுபடி உட்கார்ந்தார். சூப் கொதிப்பதற்குள் அவர் இரண்டு தடவை தூங்கி எழுந்தார். தட்டுகளைக் கழுவினார். கைக்குட்டைகளைக் காயப்போட்டார். உட்கார்ந்தார். சோபாவிலிருந்து குரல் வரும்: “எல்லாத்தையும் ஒண்ணா தூக்காதீங்க, ஒவ்வொண்ணா எடுங்க.” “பாத்திரத்துல பாதித் தண்ணி போதும்.” “இப்பக் கொஞ்ச நேரம் படுத்துட்டு வந்து மிச்சத்தைப் பாருங்க.” தன் காய்ச்சலோடு தன்னையும் கவனிக்கிறாளே என்று அவருக்கு உருகும். உருகின அடுத்த நொடியே விசில் சத்தம் கேட்கும். உருகினது இறுகிவிடும். இப்படியே நாலு நாள். நோயாளி சமைத்தார்; நோயாளி சாப்பிட்டாள். கேட்க வைக்கக் கிளம்பியவர், விழித்திருந்த நேரமெல்லாம் கேட்டார். அவள் பதில் சொன்னாள். கேட்டதற்கு மட்டும்.

நாலாம் நாள் குழாயில் தண்ணீர் மெலிந்து வந்தது. குளியலறையில் வாளி நிறைந்திருந்தது; சமையலறைக்கு அது வேண்டும். கப்பால் மொண்டு மொண்டு எடுக்கப் போனார். திரும்பிப் பார்த்தால், சோபாவிலிருந்தவள் எழுந்து வந்து வாளியை ஒற்றைக் கையால் தூக்கிவிட்டாள்.

“ஐயோ! மண்ணீரல்!” என்று கத்திக்கொண்டு அவர் பாய்ந்து வாளியின் பிடியைப் பற்றினார்.

“விடுங்க!”

“நீ விடு! வெடிச்சிடும்மா!”

“கையை எடுங்கன்னா எடுங்க!”

இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கத்தி அவர் கேட்டதில்லை. வாளி இருவர் கையிலிருந்தும் நழுவித் தரையில் அடித்துச் சாய்ந்தது. தண்ணீர் சமையலறை, கூடம், சோபாவின் கால் என்று தேடிக்கொண்டு ஓடியது. அவள் அதைப் பார்க்கவில்லை. அவருடைய இடது விலாவின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தாமல் தொட்டுப் பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. உதடு நடுங்கியது.

“இது வெடிச்சிருந்தா, நான் எந்தக் கண்ணாடிக்கு முன்னால போய் நின்னு, யாரைக் கேக்கறது?”

தண்ணீர் அவர் காலடியில் சில்லென்று நின்றது. அந்தக் கை விலாவிலேயே இருந்தது. அவர் அதன்மேல் தன் கையை வைத்தார்.

“பள்ளிக்கூடத்துப் பசங்க ட்ரம்பெட்டு” என்றார். “துடைக்காம ஊதிட்டேன். வேற ஒருத்தரும் இல்ல. அந்த கிளாரினெட் அம்மா பொய்.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“மாடிவீட்டு அண்ணா அன்னிக்கே படியில நிறுத்திச் சொல்லிட்டாரு. அவரால ஒரு விஷயத்தை ஒரு மாடிக்கு மேல வெச்சிருக்க முடியாது.”

“ட்ரம்பெட்டு?”

“டாக்டரம்மாவைப் பாக்கப் போனப்ப, ‘ரிப்பேர்னாரே, அது என்ன ரிப்பேர்’னாங்க. ஊதற சாமான், வாய்வெச்சு ஊதித்தான் பாப்பாருன்னேன். மேஜையைப் பிடிச்சுட்டுச் சிரிச்சாங்க.”

“சரி. என் விஷயத்தை நான் சொல்லிட்டேன்.” அவர் மூச்சை இழுத்துக்கொண்டார். எந்தப் பதிலானாலும் தாங்கிக்கொள்வது என்று முடிவு செய்துகொண்டு, கடைசியாகக் கேட்டார். “உனக்கு யாருகிட்டேருந்து வந்துச்சு?”

“எனக்கு எதுவும் வரலியே.”

“டாக்டர் சொன்னாங்கன்னியே! மண்ணீரல் வீங்கியிருக்குன்னு!”

“உங்களுதைத்தான் கேக்கப் போனேன். உங்களுதைத்தான் சொன்னாங்க. யாருக்குன்னு நீங்க கேக்கவே இல்லை.”

“சால்வை?”

“ஃபேன் காத்து.”

குழல் டாக்டர் ஈரத் தரையில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உட்கார்வதற்கு இந்தத் தடவை நோய் காரணமில்லை.

“அப்புறம் எதுக்கு இந்தப் படுக்கை?”

“அன்னிக்கு நீங்க தூங்கினதும் சட்டையைத் துவைக்கப் போட எடுத்தேன். பையில கடைச் சாவி.” அவள் துணியை எடுத்துத் தண்ணீரை ஒற்றத் தொடங்கினாள். “சாவியை ஒளிச்சா பூட்டை உடைப்பீங்க. திட்டினா வேணும்னே போவீங்க. நான் படுத்துட்டா போக மாட்டீங்கன்னு தெரியும். சின்னச் சின்ன வேலை செஞ்சா தப்பில்ல, கனம் மட்டும் கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்கும் இடுப்பு விட்டுப்போய் ரொம்ப நாளாச்சு.”

“ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீ! எதுக்கு சாவின்னு. யாரு அந்த அம்மான்னு. கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்ல?”

“பதில் தெரிஞ்ச கேள்வியை யாராவது கேப்பாங்களா?”

அவருக்கு உள்ளுக்குள் ஒரு விளக்கு எரிந்தது. அவள் கேட்டாள், வாளிக்குப் பக்கத்தில் நின்று, உதடு நடுங்க, கேட்டாள். பதில் தெரியாமல் கேட்டாள். ‘யாரு?’ என்பதைவிடப் பெரிய கேள்வி. அது போதும், மாசக்கணக்கானாலும் இந்த அசதியைச் சுமந்துவிடலாம் என்று நினைத்தார்.

அவள் தரையைத் துடைத்து முடித்து, சோபாவில் பழையபடி கால் நீட்டிப் படுத்துக்கொண்டாள். சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“என்னங்க.”

“சொல்லும்மா.”

“உங்களை ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா ஆசை.”

குழல் டாக்டர் எழுந்து நின்றார். தலைமுடியைக் கையால் படியவிட்டுக்கொண்டார். வீங்கிய கழுத்து அனுமதித்த மட்டும் தலையை நிமிர்த்தினார்.

“கேளு.”

“இன்னும் மூணு நாள் லீவு இருக்கு. நாளைக்கு என்ன சமையல்?”